மங்கலம்பேட்டையில் நின்ற கார்



சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை உளுந்தூர்பேட்டையில் விட்டுப் பிரிந்து, விருத்தாசலம் நோக்கி நீங்கள் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவழியில் உங்களை எதிர்கொள்ளும் ஊரே மங்கலம்பேட்டை. நம் சமுதாய மக்கள் கணிசமாக வாழும் பேரூர். பேருந்தில் செல்வோர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிக் கடந்தவன்தான். ஒரு கோடை நண்பகலில் என் பழைய அம்பாசடர் கார்தான் என்னை அங்கே இறங்க வைத்தது.

1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை, வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி வந்த வண்டி அம்பாசடர். இன்று அதை வைத்திருப்பவர்களுக்கு அது வாகனம் என்பதைவிட வீட்டின் மூத்த உறுப்பினர் என்றே சொல்லவேண்டும். எங்கள் வீட்டு மூத்தவருக்கு ஒரு மாதமாக ஒரு நோய். சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். வேறோர் ஊர்ப் பட்டறையில் ரேடியேட்டரைக் கழுவினார்கள். சூட்டை உணரும் சென்சாரை இருமுறை மாற்றினார்கள். பணம் போனதே தவிர முள் இறங்கவில்லை. இறுதியில், "அது அப்படித்தான் காட்டும்" என்று முடிவு கட்டி, முள்ளைப் பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன்.

அன்று விருத்தாசலத்தில் என் தங்கை மகளுக்கு நிக்காஹ். அஸருக்குப் பிறகு மஜ்லிஸ். காரில் என் மனைவி, வயது முதிர்ந்த மாமி, இரு பிள்ளைகள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் முள் உச்சிக்கு ஏறியது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். "பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற வண்டிங்க. நிறுத்திப் பாருங்க" என்றாள் என் மனைவி. நிறுத்தினேன். ஆவியும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. ஆறவிட்டு ஓட்டினேன், மீண்டும் ஏறியது. மூன்றாம் முறை நின்ற இடம் மங்கலம்பேட்டை.

சாலையோரப் பட்டறையில் வயதான மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். விவரத்தைக் கேட்டவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "பாங்கு சொல்லிட்டாங்க தம்பி. தொழுதுட்டு வாங்க, அதுக்குள்ள வண்டியும் ஆறிடும்" என்றார். பெண்களுக்கு நிழலில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவரும் என்னுடன் பள்ளிவாசலுக்கு வந்தார்.

ஆறவிட்டதற்கு வேறு காரணமும் உண்டு. மூடியிட்ட ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். எவ்வளவு அவசரமானாலும் சூடான வண்டியின் மூடியில் கை வைத்துவிடாதீர்கள்.

திரும்பி வந்ததும் துணியைப் போட்டு மெல்லத் திறந்தார். தண்ணீர் நிறைந்திருந்தது. மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, முள் மறுபடியும் உச்சிக்கு வந்ததும், துப்பாக்கி போன்ற வெப்பமானி ஒன்றை எஞ்சின் தலைப்பகுதியில் காட்டினார். 85 டிகிரி! தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு பொதுவாகத் திறப்பதே 82 டிகிரி அளவில்தான். எஞ்சின் நலமாகவே இருந்தது. முள்தான் பொய் சொன்னது.

அடுத்து அவர் கேட்டது என்னைத் திகைக்க வைத்தது. "பெட்ரோல் எவ்வளவு போட்டீங்க?" ஏறத்தாழக் காலியாக இருந்த டேங்கில் விழுப்புரத்தில் பத்து லிட்டர் போட்டிருந்தேன். அதில் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் பெட்ரோல் முள் அரை டேங்க் என்று காட்டியது! ஒரு மாதமாக அதையும் நான் கவனிக்கவில்லை. "ரெண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாக் காட்டுதுன்னா, ரெண்டுக்கும் கரண்ட் கொடுக்கிற இடத்திலதான் கோளாறு" என்றார் பாய்.

பிரிட்டிஷ் மரபில் வந்த பழைய கார்கள் பலவற்றில் மானிகளின் பின்புறம் ஒரு சிறு டப்பி இருக்கும். 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வரை உயரும். அதைச் சராசரி 10 வோல்ட்டாக அடக்கி இரு முட்களுக்கும் வழங்குவது அந்த டப்பியின் வேலை. அது வண்டியின் உடலோடு எர்த் ஆகியிருக்கவேண்டும். எங்கள் காரில் அதன் திருகில் துரு ஏறியிருந்தது. எர்த் இல்லாததால் மின்சாரம் அடங்காமல் முழுதாகவே பாய்ந்தது. துருவைத் தேய்த்துத் திருகை முடுக்கினார். முள் மெல்ல இறங்கி நடுவில் நின்றது. ஒரு மாதத் தொல்லைக்கு மருந்து ஒரு துண்டு உப்புத்தாள்! அவர் கேட்ட கூலி நூறு ரூபாய்.

பெட்ரோல் முள் சரியாக இருந்து, சூட்டு முள் மட்டும் பிழையாகக் காட்டினால் நீங்களே சோதிக்கலாம். சாவியைப் போட்டுவிட்டு, சென்சாரின் ஒற்றை ஒயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ப்பக்கம் விழவேண்டும். விழாவிட்டால் ஒயர் எங்கோ உடலில் உரசுகிறது. பிறகு அந்த ஒயரை எஞ்சின் இரும்பில் தொடவையுங்கள். முள் மெல்ல ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஏறினால் மானியும் ஒயரும் நலம், குற்றம் சென்சாரில். கம்ப்யூட்டர் பொருத்திய இக்காலக் கார்களில் இதைச் செய்யவேண்டாம்.

அந்தச் சென்சாருக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அகல் விளக்கும் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் அங்குள்ள சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. சென்சாரின் பித்தளைக் கூட்டுக்குள் இருப்பதும் மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த ஒரு வகைப் பீங்கான் வில்லைதான். சூடேற ஏற அதன் மின்தடை குறையும், முள் உயரும். வெள்ளி சல்பைடில் இத்தன்மையை மைக்கேல் ஃபாரடே 1833லேயே கண்டறிந்தார். சூளைக்காரர்களுக்கும் உள்ளிருக்கும் சூட்டை அறியும் கவலை உண்டு. 1886இல் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் அதற்கொரு வழி செய்தார். களிமண் கலவையில் சிறு கூம்புகள் செய்து பண்டங்களோடு வைப்பது. உரிய சூடு வந்ததும் கூம்பு தலை சாய்க்கும். ஒயரும் இல்லை, எர்த்தும் இல்லை!

விடைபெறும்போது பாய் சொன்ன செய்தி இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. "கூடுதலாக் காட்டுற முள் பயமுறுத்தும், அவ்வளவுதான் தம்பி. குறைச்சலாக் காட்டுறதுதான் ஆபத்து." குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டால், சென்சார் நீரில் மூழ்காமல் வெற்றிடத்தில் நிற்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே கிடக்கும். சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி எர்த்தைக் கெடுத்தாலும் குறைவாகவே காட்டும். அப்படி ஏமாந்து, எஞ்சின் ஹெட் விரிந்துபோன வண்டிகளை அவர் பட்டறையில் பார்த்திருக்கிறாராம். முள்ளை நம்புவதை விட்டிருந்த எனக்கு அந்த ஒரு மாதத்தில் குழாய் வெடித்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. அல்லாஹ் காப்பாற்றினான்.

நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது ஈஜாப் கபூல் முடிந்து, துஆவும் ஓதி, பேரீச்சம்பழம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமிதான் நடந்ததைச் சொல்லிச் சமாதானம் செய்தார். இரவு திரும்புவதற்காகச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் முள் அடிமட்டத்தை ஒட்டி நின்றது. விருத்தாசலத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.