வாளியோடு வந்த அக்கா

சிட்னி



சென்னை நங்கநல்லூர் வீட்டில் குழாய் சொட்டினால் தெருமுனைக் கடையில் வாஷர் வாங்கி நாமே மாட்டிக்கொள்வோம். ஓனர் அம்மாவிடம் போய்ச் சொன்னால், "நீங்க வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு" என்பார். அந்தப் பழக்கத்தோடுதான் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் குடிவந்தேன். ஏஜென்ட் அனுப்பிய முதல் தண்ணீர் பில்லை மறுபேச்சில்லாமல் கட்டவும் இருந்தேன்.

தடுத்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. "கட்டாதைங்கோ தம்பி, முதல்ல ஷவரை அளந்து பாப்பம்" என்று 10 லிட்டர் வாளியோடு வந்துவிட்டார். ஷவரை முழுசாகத் திறந்து, போனில் நேரம் பிடித்தார். 40 விநாடியில் வாளி நிறைந்து காலில் வழிந்தது. நிமிடத்துக்கு 15 லிட்டர்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்படி 9 லிட்டரைத் தாண்டக் கூடாது. ஷவருக்கு மட்டுமல்ல, சமையலறை, வாஷ்பேசின் குழாய்களுக்கும் அதே அளவு. குடிவரும் நாளில் எதுவும் ஒழுகக் கூடாது. 2025 மார்ச் முதல் டாய்லெட்டும் தண்ணீர் மிச்சம் பிடிக்கிற ரகமாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, வீட்டுக்குத் தனி மீட்டரும் இருந்து, ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தால்தான் செலவான தண்ணீருக்கு நம்மிடம் காசு கேட்கலாம். பில்லில் வரும் நிலையான சேவைக் கட்டணம் எப்படியும் வீட்டுக்காரர் தலையில்தான். பில் போட்டு மூன்று மாதத்துக்குள் கேட்காவிட்டால், தண்ணீர்க் காசும் போச்சு. வாளியைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு பிளம்பர் புது ஷவரோடு வந்தார். அந்த பில்லைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

நம் ஊர்ச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரையில், குழாய் வாஷர் குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை போட்டே சொல்கிறது. கீசரும் அப்படித்தான். சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் கணக்கு. ஆனாலும் காலி செய்யும்போது பெயின்டிங் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழிக்காத ஓனரை நான் பார்த்ததில்லை. மின்வாரியம் தரும் 100 யூனிட் இலவசமும் சப்-மீட்டரைத் தாண்டி நம்மிடம் வந்ததில்லை.

மெல்பர்ன் இன்னும் ஒருபடி மேல். விக்டோரியாவில் 2021 மார்ச் முதல் சட்டத்தில் 'லேண்ட்லார்ட்' என்ற சொல்லே கிடையாது. 'வாடகை வழங்குநர்' என்று மாற்றிவிட்டார்கள். கூடத்தில் பொருத்திய ஹீட்டர் கட்டாயம். அது பழுதாகி வீட்டுக்காரர் கவனிக்காவிட்டால், 2,500 டாலர் வரை நாமே செலவழித்து ஏழு நாளில் திரும்ப வாங்கலாம். சிட்னியில் அவசரப் பழுதுக்கு 1,000 டாலர், 14 நாள். ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியும் இங்கே இல்லை. அந்த மெல்பர்னில்தான், ஹீட்டர் கெட்டுப்போன ஒரு ஜூலை மாதக் குளிரை என் நண்பன் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டினான். லீஸ் புதுப்பிக்கிற நேரமாம்.

அவனைக் குறை சொல்ல முடியாது. சிட்னியிலேயே, ஒப்பந்தக் காலம் முடிந்து குடியிருப்பவரைக் காரணமே சொல்லாமல் 90 நாள் நோட்டீஸில் கிளப்ப முடிந்தது. 2025 மே 19 முதல்தான் காரணம் காட்ட வேண்டும் என்றானது. வாடகையை வருஷத்துக்கு ஒருமுறை ஏற்ற இன்றும் தடையில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குத் தேநீருக்குப் போனேன். சிங்க் குழாய்க்கடியில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். டொக், டொக். எத்தனை நாளாக என்றேன்.

"ரெண்டு வருசம் வரும். சொன்னா கிழமைக்கு 20 டொலர் கூட்டிப்போடுவினம் தம்பி. இந்தச் சொட்டுக்கு அவ்வளவு வராது."

கிண்ணத்துத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, தேநீருக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.