தெரிந்திருந்தும் கேட்கவில்லை

மருத்துவத் தகவல் பெருகிவிட்டது, எந்த மருத்துவராலும் எல்லாவற்றையும் படித்து முடிக்க முடியாது என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அது உண்மைதான். பப்மெட் தொகுப்பில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்கின்றன. ஆனால் என்னால் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடியதற்கு அந்தப் பெருக்கத்தின் மேல் பழிபோட எனக்கு உரிமையில்லை.

வயிற்றுப்போக்கு என்று வந்தார். ஓ.பி.யில் கூட்டம். மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர் அவர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் சாப்பிட்டுவந்தார். பழைய சீட்டு அவர் பையிலேயே இருந்தது. “வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?” என்று நான் கேட்கவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தால் உலோக வால்வின் சத்தமே சொல்லியிருக்கும். அதையும் வைக்கவில்லை.

வார்ஃபரின் ஈரலில் சிதைவதை மெட்ரோனிடசோல் தடுக்கும். ரத்தத்தில் வார்ஃபரினின் வீரியம் ஏறிவிடும். இது நேற்று வந்த ஆராய்ச்சி இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். சில நாளில் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தத்தோடு அவரைத் தூக்கிவந்தார்கள். அந்த வால்வுக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 8-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை முறிக்க வைட்டமின் கே கொடுக்கலாம். அளவு மிஞ்சினால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்தார்.

அந்த நாட்களில் இரவெல்லாம் புதிய வழிகாட்டு நெறிகளையும் ஆய்வுகளையும் படித்துக்கொண்டிருந்தேன். நிறையப் படிக்கிறவன் என்ற நினைப்பு, எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிட்டது.

இதைவிடக் கேவலமானதை அடுத்துச் செய்தேன். “சில பேருக்கு மருந்து இப்படி ஒத்துக்காம போயிடும்” என்று அவர் கணவரிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். பிறகு உண்மையைச் சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லவில்லை.

மருத்துவ அலட்சியம் பற்றிய ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் தந்த தீர்ப்பை அப்போது ஆறுதலுக்காகத் தேடிப் படித்தேன். முடிவெடுப்பதில் நேரும் பிழையெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது என்கிறது. அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் திறமை இல்லாமல் வைத்தியம் பார்ப்பது அலட்சியமென்றால், இருக்கும் திறமையை உரிய கவனத்தோடு பயன்படுத்தாததும் அலட்சியம்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நான் செய்தது இரண்டாவது. யாரும் வழக்குப் போடவில்லை என்பதால் அது அலட்சியம் இல்லை என்றாகிவிடாது.

இப்போது மாத்திரைகளை மேசைமேல் பரப்பிப் பார்க்காமல் பேனாவை எடுப்பதில்லை. வார்ஃபரின் இருந்தால், புதிதாக எழுதும் ஒவ்வொரு மருந்தையும், தெரிந்ததானாலும், கைப்பேசியில் சரிபார்க்கிறேன். நேரம் பிடிக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இரவில் படிப்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

நீங்கள் எந்த மருத்துவரிடம் போனாலும், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போங்கள். அவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.