எட்டரை மணி மழை

2011 ஜனவரி வெள்ளத்தின்போது வெருகலில் இருந்து ஒருவர் எங்கள் செய்திப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நேற்றுப் பெய்ஞ்ச மழை எண்டு பேப்பரில போட்டிருக்கிறீங்க. அது முந்தநாள் பெய்ஞ்சது. நேற்று இஞ்ச வெயில்" என்றார். வெள்ளத்துக்குள் நிற்கிற மனிதர் நாளை மாற்றிச் சொல்கிறார் என்று எண்ணி, மரியாதையாக நன்றி கூறி வைத்துவிட்டேன். திருத்தம் வெளிவரவில்லை.

பிழை என்னுடையது. இலங்கையில் நாளாந்த மழை காலை 8.30க்கு அளக்கப்படுகிறது. பத்தாந் திகதி காலையில் கிடைக்கும் எண், ஒன்பதாந் திகதி காலை 8.30இலிருந்து பெய்த மழையைச் சொல்கிறது. அதில் பதினைந்தரை மணித்தியாலம் ஒன்பதாந் திகதிக்கே உரியது. நானோ அதைப் பதினோராந் திகதிப் பத்திரிகையில் "நேற்று" என்று எழுதியிருந்தேன்.

பின்னர், நீர்வள எந்திரியான ஒரு நண்பரின் அருகில் அமர்ந்து வெள்ள எதிர்வுகூறல் மென்பொருள் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் இந்தச் சிறு பிழையின் பருமன் விளங்கிற்று. அமெரிக்க இராணுவப் பொறியியற் படையணியின் ஹெக் மென்பொருட்களில், ஒரு காலப்பகுதியின் மழை அப்பகுதி முடியும் நேரத்தில் குறிக்கப்படுகிறது. வேறு சில தரவுத் தொகுதிகளோ தொடங்கும் நேரத்தைக் குறிக்கின்றன. இரண்டையும் அறியாமற் கலந்தால், நாளாந்தத் தரவில் மழை முழுதாக ஒரு நாள் நகர்ந்துவிடும். மலைநாட்டு மழை மகாவலி வழியே மன்னம்பிட்டி தாண்டி இறங்கி வருகையில், வெருகல்வாசிக்கு அந்த ஒரு நாள் என்பது மாட்டை மேட்டில் கட்டுவதற்கும் இழப்பதற்கும் இடைப்பட்ட காலம்.

நேரம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அவ்வாண்டிலேயே அரை மணித்தியாலம் பின்னெடுத்தது. 2006 ஏப்ரல் வரை அந்த அரை மணித்தியால வேறுபாடு நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. போர்நிறுத்த காலத்தில் ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் போனவர்கள் சோதனைச் சாவடி தாண்டியதும் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள், நானும் திருத்தியிருக்கிறேன். கணினிகள் பயன்படுத்தும் நேர வலயப் பட்டியலில் "ஆசியா/கொழும்பு" என்ற ஒரே கடிகாரந்தான் முழுத் தீவுக்கும் உண்டு. அக்காலத்தில் வெருகலில் எவராவது ஆற்று மட்டத்தைப் பழைய நேரத்தில் குறித்து வைத்திருந்தால், மென்பொருள் அதைச் சந்தேகமின்றி அரை மணித்தியாலம் பிசகாகவே வாசிக்கும்.

குறித்தே வைக்காத நாட்கள் இன்னும் தொல்லையானவை. தரவு இல்லை என்பதற்கு ஹெக் -901 என்றும், நெதர்லாந்தின் டெல்ஃப்ற்-ஃபியூஸ் பொதுவாக -999 என்றும் எழுதும். விசித்திரமாகத் தோன்றினும், மழை ஒருபோதும் மறை எண்ணாக இராது என்பதால் அது ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது பூச்சியம். வெற்றிடத்தை அழகாக நிரப்புவதாக எண்ணி எவரேனும் 0 தட்டிவிட்டால், போரினால் மழைமானியை அணுக முடியாதிருந்த மாதம் மழையே பெய்யாத மாதமாகிவிடும்.

2025 நவம்பர் 28இல் டித்வா சூறாவளி வந்தது. 30ஆந் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. அந்த நாட்களில் ரொறன்ரோவிலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவர் மன்னம்பிட்டி நீர்மட்டப் பட்டியல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணை, தண்ணி குறையுது, ஊருக்குச் சொல்லுங்கோ" என்றார். இது எத்தனை மணி அளவீடு என்று கேட்டேன்.

"மேல் வரியில இருந்தது அண்ணை. படம் பெரிசாத் தெரியட்டும் எண்டு வெட்டிப்போட்டன்."