கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

போடிமெட்டிலிருந்து விமானம் ஏற இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, போடி, தேனி வழியாக மதுரை. மேற்கே பூப்பாறை, மூணாறு, அடிமாலி தாண்டி நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையம். மலையில் வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கை அதிகம் போட்டதில்லை. ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஆள் ஏற்றிவரும் ஜீப்புதான் அவர்களுக்குப் பழக்கமான வாகனம். விமானம் என்பது பிள்ளைகளை வளைகுடாவுக்குக் கொண்டுபோவது.

2019 ஜனவரியில் ஓர் இரவு அந்தக் கணக்கைப் போட வேண்டிய கட்டாயம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் ஏலக்காட்டில் காய் எடுத்தவர். மகன் ஹைதராபாதில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மருமகளுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் மாலைக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகளுக்குத் தாய் இல்லை. "நீ வந்தாத்தாம்மா..." என்று தொடங்கிய மகன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ரயிலைப் பற்றி யோசிக்க முடியவில்லை. மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடியவர்கள், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் விட்டார்கள். ஆலுவாயில் சபரி எக்ஸ்பிரஸ் பிடித்தாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மதுரை விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. கொச்சியில் மதிய விமானத்தில் ஓர் இடம் இருந்தது. மகன் அங்கிருந்தபடியே டிக்கெட் போட்டார். அதிகாலை மூன்று மணிக்குத் தம்பி மகன் ஜீப்பைக் கிளப்பினார். சாலையை அகலப்படுத்த மூணாறு வரை மலையை வெட்டிப்போட்டிருந்த காலம் அது. வழி நெடுக அவர் கேட்ட ஒரே கேள்வி, "நேரத்துக்குப் போயிருவமாடா?"

நெடும்பாசேரி அவருக்குப் புதிய இடம் அல்ல. அரசுப் பணத்தோடு வெளிநாடுவாழ் மலையாளிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான தனியார் பங்குதாரர்களின் பணமும் சேர்ந்து உருவான விமான நிலையம் அது, 1999இல் திறக்கப்பட்டது. 2007இல் மகன் சவுதிக்குப் போனபோது வழியனுப்ப ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். அப்போது அந்தக் கட்டடம் சர்வதேச முனையம். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். மகன் தள்ளுவண்டியோடு உள்ளே போனார், ஒருமுறை திரும்பிக் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு கண்ணாடிச் சுவரில் தெரிந்தது வெளியே நின்றவர்களின் சொந்த முகங்களும் பின்னால் நின்ற ஜீப்பும்தான். நல்ல வெயில். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கப்போனவரைக் காவலர் தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே போனதும் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ஒரு உறவுக்காரர் சொல்லிவைத்தார். அந்தச் சொல் அவருக்குள் தங்கிவிட்டது. 2013இல் சவுதியில் சொந்த நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் 'நிதாகத்' கடுமையாக்கப்பட்டபோது பலரைப் போல மகனும் திரும்பி வந்தார். இதை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கக்கூடிய விஷயமா அது?

2017இல் சர்வதேசப் பயணிகளுக்குப் புதிதாக மூன்றாம் முனையம் வந்தது. காலியான பழைய கட்டடத்தைப் புதுப்பித்து உள்நாட்டு முனையமாக்கினார்கள். நடுவில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. அந்த டிசம்பரில் புதிய உள்நாட்டு முனையம் திறக்கப்பட்டது. முன்பு உள்நாட்டுப் பயணிகளுக்கு இருந்தது சுமார் ஒரு லட்சம் சதுர அடி. இப்போது ஆறு லட்சத்துக்கும் மேல். மணிக்கு 4,000 பேரைச் சமாளிக்கலாம். ஆக, மகனை விழுங்கிய அதே கட்டடத்துக்கு, திறந்து ஒரு மாதம்கூட முடிந்திராத நிலையில், தாய் பயணியாக வந்து இறங்கினார்.

வாசலில் முதல் சிக்கல். ஆதாரில் அவர் பெயரோடு கணவர் பெயர் முழுசாக இருந்தது. அவசரத்தில் மகன் டிக்கெட்டில் போட்டது தாத்தா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பது தமிழர்கள் இன்னும் தீர்த்துக்கொள்ளாத பிரச்னை. முதலெழுத்தை நம்பி வாழ்கிற சமூகத்தை எந்தக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்வதில்லை. காவலர் இந்தியில் ஏதோ கேட்டார். இவர் மலையாளத்தில் பதில் சொன்னார். அவருக்குத் தெரிந்த அந்நிய மொழி அது ஒன்றுதான். பின்னால் நின்ற ஒரு கல்லூரி மாணவர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். காவலர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கையை உள்பக்கம் காட்டினார்.

உள்ளே போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். வெளியே தம்பி மகன் தெளிவாகத் தெரிந்தார். சட்டையில் ஒட்டியிருந்த செம்மண் தூசிகூடத் தெரிந்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் துழாவிக்கொண்டிருந்தார், வேறு எங்கோ பார்த்தபடி. இவர் கையை ஆட்டினார். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். அப்போதும் இல்லை. பகல் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி உள்ளே இருப்பவருக்குத்தான் ஜன்னல். வெளியே இருப்பவருக்கு அது நிலைக்கண்ணாடி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த விஷயம் அவருக்கு எட்டியபோது, பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், முன்பு சவுதிக்குப் போகிறவர்கள் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று கேட்டார். "அதொக்கெ மாற்றியல்லோ, அம்மச்சி" என்றார் அந்தப் பெண். கவுண்டர்கள், சுவர்கள், வெளிச்சம் எல்லாமே மாறிவிட்டன. நகரும் படிக்கட்டின் முன் இவர் தயங்கி நின்றதைப் பார்த்து, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு லிப்ட் வரை கூட்டிப்போனதும் அதே பெண்தான். ஹவாய் செருப்பு போட்டவர்களும் விமானத்தில் போக வேண்டும் என்று 2017இல் உடான் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் சொன்னார். இவர் காலில் இருந்தது அதுதான். ஆனால் செருப்புக்காரர்கள் வழி கேட்டுப் போகிறவர்கள். பெயர்ப்பலகைகளும் திரைகளும் படிக்கத் தெரிந்தவர்களை, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை பறந்தவர்களை நம்பித்தான் வைக்கப்படுகின்றன. ஒலிபெருக்கி அறிவிப்புகளையும் பல விமான நிலையங்கள் குறைத்துவிட்டன. எழுத்துக்கூட்டித் தமிழ் மட்டும் படிக்கிறவர் தன் கேட் எது என்பதை நான்கு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். நான்கு பேரும் பொறுமையாகச் சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கச் சுக்கு, மிளகு, ஓமம், அரைக் கிலோ ஏலம். வாசனை அந்த வரிசை முழுக்கப் பரவியது. சோதித்த பெண் காவலர் ஒரு நிமிடம் மோந்துவிட்டுச் சிரித்தபடி மூடினார். (அந்த ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு அது.)

விமானம் எழும்பியபோது கீழே கருப்பாக வரிசை வரிசையாகக் கிடந்ததைப் படுதா என்று நினைத்தார். யாரோ காபிக்கொட்டை காயப்போட்டிருக்கிறார்கள் என்று. சூரிய மின்தகடுகள். 2015 ஆகஸ்டிலிருந்து இந்த விமான நிலையத்துக்கு வேண்டிய மின்சாரம் சூரியனிடமிருந்துதான். தகடுகளுக்கு இடையே காய்கறி பயிரிடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் உற்றுப் பார்த்திருப்பார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு அவர் வந்துசேர்ந்தபோது மணி ஐந்தரை. மருமகளைச் சற்று முன்புதான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தாயும் மகனும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

"அன்னைக்கு நீ சவுதிக்குப் போனியே, உள்ள இருந்து எங்களப் பாத்தியா?"

"பாக்காம? அரை மணி நேரம் வரிசையில நின்னேன். நீங்க நிக்கிறதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீதான் கண்ணாடியில மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கயோ பாத்த. அந்த போலீஸ்காரன் உன்னய வெலக்கிவிட்டப்போ வெளிய வந்திரலாமான்னு இருந்துச்சு."

கதவு திறந்தது. நர்ஸ் தெலுங்கில் ஏதோ சொன்னார். மகன் எழுந்து ஓடினார். பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், பாட்டி வேண்டுமானால் வெளியே நின்று பார்க்கலாம் என்றார்கள்.