முருகன் காத்திருப்பான்

எனக்கு மெடிக்கல் சீட் கிடைச்சா பழனிக்குப் பாதயாத்திரை வர்றதா அம்மா வேண்டிக்கிட்டாங்க. சீட் கிடைத்தது, நேர்த்திக்கடன் வருஷாவருஷம் தள்ளிப்போச்சு. "அவன் கூப்பிடணும்டா" என்பாங்க.

இந்தத் தைப்பூசத்துக்கு மாலை போட்டுட்டாங்க. 15 வருஷ சர்க்கரை நோய். 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். உணர்வே இல்லை. முள் குத்தினாலும் தெரியாத கால்.

தடுக்க மனசு வரல. ஊரிலிருந்து பஸ். கடைசி 2 கிலோமீட்டர் மட்டும் எம்.சி.ஆர். செருப்போட, என் கையைப் பிடிச்சு நடந்தாங்க. மலைக்கு வின்ச். "டாக்டரோட வரட்டும்னுதான் இத்தனை வருஷம் காக்க வச்சிருக்கான்" என்றாங்க.

சர்க்கரையும் வேண்டுதலும் உங்களுக்கும் இருந்தா, கிளம்பும் முன் பாதத்தைப் பரிசோதிச்சுக்கோங்க. வெறுங்கால் வேண்டாம். தினமும் உள்ளங்காலைப் பாருங்க. கொப்புளம் வந்தா நடையை நிறுத்துங்க.

முருகன் காத்திருப்பான். புண் காத்திருக்காது.