குலசேகரமும் இரு மழைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் அண்மையில் மலையடிவாரத்தே அமைந்த பேரூர் குலசேகரம். ஊரைச் சுற்றி எத்திசை நோக்கினும் ரப்பர்த் தோட்டங்களே தென்படும். அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட மரம் இது. 1876-ல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்ற விதைகளின் கன்றுகள், பின்னர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்து பெருகின. மனிதன் கொண்டு வந்தான். ஆனால் வாழ இடமளித்தது இம்மண்ணின் வானிலையன்றோ!

குலசேகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 8.4 பாகையில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியையொட்டியும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. எனவே கடுங்குளிர் என்பதே இல்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடேறும் ஈரக்காற்று மேலெழுந்து மழையைப் பொழிகிறது. ஈரமிழந்த அக்காற்று, 30 பாகையை ஒட்டிய பகுதிகளில் கீழிறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரள்வதில்லை. நம்மவர் பலர் பொருள் தேடிச் சென்றிருக்கும் ரியாத் நகரைச் சுற்றிப் பாலை விரிந்து கிடப்பதும், சஹாரா வறண்டு கிடப்பதும் இதனாலேயே.

எனினும் அட்சரேகை ஒன்றே அனைத்தையும் முடிவு செய்வதில்லை. குலசேகரத்திற்கு ஏறத்தாழ நேர் கிழக்கே உள்ளது திசையன்விளை. இரண்டிற்கும் ஒரே வெயில். அங்கோ செம்மணல் தேரியும் பனையுமே காட்சி! இடையே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடப்பது வறண்ட காற்றே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே விரையும் அக்காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

அக்டோபரில் காற்று திசை மாறி, வடகிழக்குப் பருவமழை வருகிறது. கிழக்குப் பகுதிக்கு அதுவே பெருந்துணை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கோ இரண்டு மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என நாஞ்சில் நாட்டு உழவர் இரு போகம் கண்டது இவ்விரு மழையின் கொடையே.

ஆனால் மரத்திற்கு உகந்த மழை, மரத்தை நம்பி வாழ்பவருக்கு எந்நாளும் உகந்ததன்று. வைகறைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆகையால் பால்வெட்டுத் தொழிலாளர் விடியுமுன்னரே தோட்டம் புகுவர். பட்டை நனைந்திருப்பின் வெட்ட இயலாது. வெட்டினாலும் சிரட்டையில் வீழும் பால் மழைநீரோடு போய்விடும். மழை நீடிக்கும் நாட்களில் கூலியும் நின்றுபோகும்.

இன்னொரு இடரும் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் காற்றைத் திருப்பும் புவிச்சுழற்சியின் விசை மிகக் குறைவாதலின், அங்கே புயல் உருவாவது அரிது. நம் பகுதி அவ்வெல்லைக்குச் சற்றே வெளியில் உள்ளது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் சீறிய ஒக்கிப் புயல், மீனவர் பலரின் உயிரைக் குடித்ததோடு, இத்தோட்டங்களிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. புதிய கன்று நட்டால் பால் காண ஏறத்தாழ 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

திற்பரப்பில் நீராடச் செல்வோர், வழியில் ரப்பர் மரங்களின் இடுப்பில் கட்டியுள்ள பிளாஸ்டிக் மறைப்புகளைச் சற்றே நின்று பாருங்கள். வெட்டுவாயில் மழை படாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மழை வேண்டும் மரத்திற்கும், கூலி வேண்டும் குடும்பத்திற்கும் இடையே மனிதன் கண்ட எளிய சமரசம் அதுவே.