அத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளே போகும் வழி



மழை, மரம், தாய்மொழி என்று எல்லாத் தலைப்பையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்தான். பயப்படாதீங்க, பாடம் நடத்த மாட்டேன்.

என் அத்தை பூப்பாறையில் இருக்கிறார்கள். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளாவுக்குள்ளே போகணும். வாந்தி வராமல் போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான். அத்தை அங்கே ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் கணக்கு எழுதுகிறார்கள். யார் எத்தனை கிலோ பச்சைக்காய் கொண்டு வந்தார், காய்ந்த பிறகு எத்தனை கிலோ, கூலி போக பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. அத்தை மகன் போடியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப் அது. (அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது.) அவர் இப்போது கோயம்புத்தூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பகலில் போன் எடுக்க மாட்டார். அதனால் அத்தைக்கு நான்தான் இன்ஜினியர்!

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் அத்தையிடமிருந்து போன். குரலே சரியில்லை. "தாயி, கணக்கு பூராம் அழிஞ்சு போச்சு. காசு இருந்த எடத்துல எல்லாம் கம்பி வேலியா நிக்குது" என்றார்கள். பதினோரு குடும்பத்துக்கு அன்று சாயங்காலம் பாக்கிப் பணம் கொடுக்கணும். அதை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் துணி எடுக்கணும். கணக்கு இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தையைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போனிலேயே சொல்லிப் பார்த்தேன். "அத்த, மேல என்ன எழுதியிருக்கு?" "என்னென்னமோ எழுதியிருக்கு." "வலது பக்கம் அமுக்குங்க." "எனக்கு வலதா, பொட்டிக்கு வலதா?" இப்படியே இருபது நிமிஷம் ஓடியது. கண்ணால் பார்க்காமல் வைத்தியம் பண்ண முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அத்தை மகன் ஊருக்குப் போகும் முன்னால் எனிடெஸ்க் என்ற ஒன்றை அந்த லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தார். அப்பாவின் போனிலும் அதைப் போட்டேன். அத்தை அதில் தெரிந்த எண்ணைப் படித்தார்கள், நான் அடித்தேன், அவர்கள் 'சம்மதம்' அமுக்கினார்கள். உடனே பூப்பாறை லேப்டாப் சிலமலையில் என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது! பார்த்தால் கணக்கு எங்கேயும் போகவில்லை. எக்செல்லில் கட்டம் குறுகிப் போனால் எண் உள்ளே அடங்காது. அப்போது எண்ணுக்குப் பதிலாக அந்த வேலிக் குறிதான் தெரியும். கட்டத்தை அகலமாக்கினேன். பதினோரு குடும்பத்துப் பணமும் திரும்ப வந்தது. அத்தை அழுதுட்டாங்க.

எனக்கு அதற்குப் பிறகுதான் சந்தேகம். இவ்வளவு சுலபமாக நான் உள்ளே போக முடியும் என்றால், வேறு யாரும் போக முடியாதா? கோயம்புத்தூருக்கு ராத்திரி போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

மலையில் எஸ்டேட் லயத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக இருபது வீடு, ஆனால் கடிதத்துக்கு விலாசம் ஒன்றுதான். எல்லாம் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து பிரித்துக் கொடுப்பார்கள். வீட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கிற ரவுட்டர்தான் அந்த ஆபீஸ். வீட்டில் எத்தனை போன், லேப்டாப் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே விலாசம். ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்றால், பழைய முறையில் உலகத்துக்கே சுமார் 429 கோடி விலாசம்தான் உண்டு. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு முழுக்கப் பங்கிட்டு முடிந்துவிட்டது. புது முறையில் விலாசத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதிலும் காவல் உண்டு.

உள்ளே இருப்பவர் கேட்டு வரும் பதிலை ரவுட்டர் உள்ளே விடும். யாரும் கேட்காமல் தானாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்தக் காவலுக்குத்தான் ஃபயர்வால் என்று பெயர். நானும் தானாக வருகிற ஆள்தானே? நேராகப் போனால் எனக்கும் அனுமதி கிடையாது. ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைக்கலாம். ஆனால் திறந்த வாசலில் அத்தை பெத்த மருமகளா, திருடனா என்று பார்த்தா வருவார்கள்? அதுவும் கேபிள்காரரிடம் இதேபோல் இன்னொரு ஆபீஸ் மேலே இருந்தால், நம் வாசலைத் திறந்தும் பிரயோசனம் இல்லை.

பிறகு எப்படிப் போனேன்? நான் அத்தை வீட்டுக்குப் போகவே இல்லை! நான் சிலமலையிலிருந்து பஸ் ஏறுகிறேன், அத்தை பூப்பாறையிலிருந்து இறங்குகிறார்கள், இரண்டு பேரும் போடி பஸ் ஸ்டாண்டில் சந்திக்கிறோம். அப்படி நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது. அத்தை லேப்டாப்பும் அப்பா போனும் தாங்களாகவே வெளியே கிளம்பி அங்கே போய் நிற்கின்றன. வெளியே போகிறவரை வீட்டு ரவுட்டர் பொதுவாகத் தடுப்பதில்லை. அந்த எண்தான் பஸ் ஸ்டாண்டில் ஆளை அடையாளம் காட்டுகிறது.

இங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. சுவரை உடைத்து ஒருவன் வருவது கஷ்டம். ஆனால் அத்தையே எண்ணைச் சொல்லி 'சம்மதம்' அமுக்கினால் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இந்த எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்பான், இதை இறக்கு என்பான், எண்ணைக் கேட்பான். போனுக்குள் வந்து ஓடிபியைப் பார்த்துப் பணத்தை எடுத்துவிடுவான். அப்படிப் பணம் போனால் உடனே 1930-க்குப் போன் பண்ண வேண்டும். இதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள், எண் சின்னதுதான்.

அப்பா ஒரு யோசனை சொன்னார். எண்ணைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும், அத்தை முதலில் ஒரு கேள்வி கேட்கணும்: "சிலமலை வீட்டு நாய் பேரு என்ன?" நான் கேட்டாலும் இதே கேள்விதான். என் குரல் தெரியாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் நிஜமாகவே ஒருவன் அத்தைக்குப் போன் பண்ணினான். நல்ல தமிழ், மேடம் மேடம் என்று மரியாதை. உங்கள் கணக்கு இன்றைக்கு முடங்கிவிடும், எண்ணைச் சொல்லுங்கள் என்றான். அத்தை நிதானமாக, "சொல்றேன் தம்பி, எங்க அண்ணன் வீட்டு நாய் பேரு என்ன?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "டாமியா மேடம்?" என்றானாம்!

எங்கள் நாய் பேர் டாமி இல்லை. என்ன பேர் என்று இங்கே எழுத முடியாது. நீங்களும் வந்து கேட்காதீர்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி